நாலு தூண் பள்ளிக்கூடம்

நாலாவது தூணை மூன்றாம் முறையாக இடிக்கச் சொன்னார் தேயிலைத் தோட்டத்துத் துரை. அரை அங்குலம் சாய்வாம். றக்வானை மலையில் ரோட்டே சாய்ந்துதான் கிடக்கிறது, இதை அவரிடம் யார் சொல்வது என்று மேசன் ஏழுமலை தலையைச் சொறிந்தான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா மாதிரி நாலு சுவர் எழுப்பித் தகரம் போட்டால் பத்து நாள் வேலை. துரையோ சீமையில் இருக்கிற சர்வகலாசாலை ஒன்றைத் தன் கையாலேயே படமாக வரைந்து கொடுத்துவிட்டார்.

"அங்கயே படிச்ச தொரைப்பா" என்று கிளாக்கர் ஐயா அந்தப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தூண் கோணலா நின்னா படிப்பும் கோணலாப் போகும்" என்றார் துரை. "ஏழு படி. ஒவ்வொண்ணும் ஒரு வித்தை. மேல முக்கோணம் பாரு, எல்லா அறிவும் கடைசில ஒரே எடத்துல வந்து சேருது."

"சரிங்க தொர. படத்துல முன்னுக்கு ஒரு இரும்புக் கம்பி வேலி இருக்குதே, அதையும் போடணுங்களா?"

"அது வேணாம்" என்றார் துரை சட்டென்று.

ஏழுமலைக்கு அவனுடைய அவசரம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்காவிட்டால் மகள் மருதாயியின் பெயரைச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏற்றிக் கொழுந்தெடுக்க அனுப்பப்போவதாகப் பெரிய கங்காணி சொல்லிவிட்டார். கூடை சுமக்க அவளுக்கு ஒன்பது வயதுதான்.

சனிக்கிழமை நாலு தூணும் நூல் பிடித்தாற்போல் நின்றன. செங்கல் முழுவதையும் அவையே தின்றுவிட்டதால் பின்னால் தகரம் போட்ட வெறும் கூடம்தான் மிச்சம். துரை வாயைத் திறக்காமல் தோட்டத்தில் ஒரு கல்லை நகர்த்த முடியாது. ஏழுமலை பங்களாவுக்கே போய் நின்றான்.

"வெளிய எல்லாம் நீங்க சொன்னபடியே ஆச்சுங்க. உள்ளுக்கு எப்படிங்க தொர? சீமையில அந்த எடத்துல வாத்தியாரு எங்க உக்காருவாரு, பிள்ளைங்க எங்க உக்காரும்? சொல்லிட்டீங்கன்னா அச்சு அசலா நாளைக்கே முடிச்சிருவேன்."

 துரையின் காது மெல்லச் சிவந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீயே யோசிச்சுக் கட்டு, ஏழுமலை. என்னைய அவங்க உள்ள சேத்துக்கல."