வானத்திலிருந்து இறங்கிய வண்டி

நாய்கள் வானத்தைப் பார்த்துக் குரைப்பது நிலாவைக் கண்டுதான் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது பெரும்பிழை. உண்மைக் காரணம் வருமாறு.

நான்கு நாள் காணாமல் போயிருந்த செவலை என்ற பெண் நாய் பேக்கரித் தெருவுக்குத் திரும்பி வந்தது.

“வண்டியில தூக்கிட்டுப் போனாங்க. மூக்கு, வாய் எதுவும் இல்லாதவங்க, கண்ணு மட்டும்தான். தலைக்கு மேல பெரிய வெளிச்சம். ஊசி குத்துனதும் தூங்கிட்டேன். திரும்பவும் வருவாங்க, பார்த்ததும் ஓடிடுங்க.”

“அத்தாட்சி?” என்றது கருவாலி என்ற இன்னொரு தெருநாய்.

செவலை, நுனி வெட்டப்பட்ட இடது காதைக் காட்டியது.

“அவ்வளவு பெரிய ஆளுங்க, உன் காதுல ஒரு துண்டு எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தாங்க? எவன்கிட்டயோ கடி வாங்கிட்டுக் கதை விடாதே.”

தெருவே சிரித்தது.

எப்படியாவது இவர்களைக் காப்பாற்ற வேண்டுமே என்று செவலை மறுநாள் கதையில் ஒரே ஒரு திருத்தம் செய்தது. “அந்த வண்டி வானத்துலேர்ந்து இறங்குச்சு.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா” என்றது கருவாலி.

அன்று முதல் எல்லா நாய்களும் அண்ணாந்து பார்த்துக் குரைத்தபடி காவல் காத்தன. நகராட்சியின் கருத்தடை வண்டி சாலை வழியாக வந்தது.

அந்த மழைக்காலத்தில் பேக்கரித் தெருவில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.