சனி ஞாயிறு தண்ணீர்

"அப்பா, 'விவசாயத்துக்கே தண்ணி பத்தல, வெளையாட்டுக்கு எதுக்குத் தண்ணி'ன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் ட்ரான்ஸ்லேட் பண்ணிடறேன்."

மயில்சாமி மகனைப் பார்த்துத் தலையாட்டி வைத்தார். டெக்சாஸ் சட்டமன்றக் கமிட்டியின் அந்த அறையில் ஏசி எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. இனியன் லீவு போட்டுவிட்டு அவரை ஆஸ்டினுக்குக் கூட்டி வந்திருந்தான். லீவு என்றுதான் பேர். வழி முழுக்க ஆபீஸ் காலில் பேசிக்கொண்டே கார் ஓட்டினான். மயில்சாமி ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்.

விஷயம் இனியன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றைப் பற்றியது. கோடையில் மேலே அணையை மூடிவிட்டால் ஆறு வெறும் பாறைதான். போன கோடையில் மட்டும், படகு விடுகிறவர்களுக்காகச் சனி ஞாயிறுகளில் தண்ணீரைத் திறந்து பார்த்தார்கள். வயலுக்கும் ஊருக்கும் இருப்பதுபோலப் பொழுதுபோக்குக்கும் தண்ணீரில் உரிமை உண்டு என்று இப்போது ஒரு மசோதா வந்திருக்கிறது. அது தோற்றால் இனி கோடையில் ஆற்றில் படகு வராது. இனியனுக்கும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது தோற்க வேண்டும்.

"போன சம்மர்ல என்ன கூத்து! பாட்டப் போட்டுக்கிட்டு, பீர் கேனை வீசிக்கிட்டு, நம்ம பேக்யார்டை எட்டிப் பாத்துக்கிட்டே போனாங்க. நீங்களே கரையில சேர் போட்டுக் காவல் காத்தீங்கல்லப்பா."

"உக்காந்திருந்தேன் கண்ணு."

"அதையும் சொல்லுங்க."

முன் வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு ஜலஜா திரும்பினாள். "அங்கிள், நீங்க வேட்டியில வந்திருக்கணும். செம எஃபெக்டா இருந்திருக்கும். நம்ம சைடுல ஒரிஜினல் விவசாயி நீங்க ஒருத்தர்தான்."

அது உண்மைதான். ஊரில் கோபி பக்கம் வாய்க்காலின் கடைமடையில் வெள்ளாமை செய்தவர். முறைத்தண்ணிக்காகப் பங்காளிமேலேயே மண்வெட்டியைத் தூக்கியவர். மனைவி பவளம் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்துவிட்டார்.

இனியன் விவசாயி என்று எழுதிக் கொடுத்திருந்த அவர் பேரை யாரோ கடித்துத் துப்பிக் கூப்பிட்டார்கள். அப்பனும் மகனும் மைக் முன்னால் போய் நின்றார்கள். கமிட்டித் தலைவி நரைத்த தலைக்காரி. சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"தண்ணி உடோணுமுங்க அம்மணி. சனி ஞாயிறு கட்டாயம் உடோணும்" என்றார் மயில்சாமி.

இனியன் மைக்கைக் கையால் பொத்தினான். "மாத்திச் சொல்றீங்கப்பா."

"மாத்துலியே. அப்படியே சொல்லு."

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஜலஜா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தலைவி குனிந்து ஏதோ கேட்டாள்.

"நீங்க படகு ஓட்டுவீங்களான்னு கேக்கறாங்க."

"எனக்கு நீச்சலே தெரியாதுன்னு சொல்லு."

அதைக் கேட்டதும் அறையே சிரித்தது. தலைவியும் சிரித்தாள், ஆனால் விடவில்லை.

"அப்புறம் எதுக்கு வெளையாட்டுக்குத் தண்ணி கேக்கறீங்க, அதுவும் ஒரு விவசாயியா இருந்துக்கிட்டுன்னு கேக்கறாங்க" என்றான் இனியன். "எனக்கும் அதான் புரியல. ஏதாவது சொல்லி முடிங்கப்பா."

மயில்சாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகனைப் பார்க்கவில்லை. தலைவியைப் பார்த்தே சொன்னார்.

"ஊட்டுல எல்லாரும் நல்லவங்கதானுங்க அம்மணி. ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு மீட்டிங்கு. வாரம் பூரா ஒருத்தரும் எம் மூஞ்சியப் பாக்கறதில்லைங்க. அந்தப் படகுல போறவங்கதான் என்னைக் கண்டதும் தூரத்துலயே கையத் தூக்கி ஆட்டறாங்க. நானும் ஆட்டுவேன்."

இனியன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

அவன் சொன்ன இங்கிலீஷில் மயில்சாமிக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான் வந்தது, அவர் சொல்லவே சொல்லாத டூரிசம்.