மூக்கால் சமைத்தவர்

“ஒரு கரண்டி சாப்பிட்டுக் காட்டுங்க அண்ணாச்சி. நான் வெட்டித் தச்ச குடலுக்கு இன்னைக்குத்தான் பரீட்சை” என்றபடி சமையற்கட்டுக்குள் வந்தார் டாக்டர் மஹாலக்ஷ்மி.

நேற்று டாக்டரின் மகளுக்குக் கல்யாணம். இன்று மறுவீட்டு விருந்து. பெரிய உருளியில் தேங்காய்ப்பால் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. சமையல், விஸ்வேஸ்வரன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஏற்ற முதல் விருந்து.

“தைரியம் வரமாட்டேங்குது டாக்டரம்மா. கஞ்சியும் மோருமாவே பழகிட்டேன்.”

“மலம் போக வயித்துல மாட்டியிருந்த பையையும் எடுத்து நாலு மாசமாச்சு. இன்னும் என்ன பயம்?”

பயம் பழையது. பெருங்குடல் முழுக்கப் புண். வாய்க்கு ருசியாக எது உள்ளே போனாலும், அன்று ராத்திரி ரத்தமாகப் போகும். “மருந்தால முடியிற வரைக்கும் கத்தியைத் தொட மாட்டேன்” என்றார் டாக்டர். மாத்திரை, ஊசி என்று ஆறு வருடம் ஓடியது. மருந்து கைவிட்டபோது விஸ்வேஸ்வரன் முரண்டு பிடித்தார். ‘வயித்துல பையைக் கட்டிக்கிட்டு நின்னா எவன் சமைக்கக் கூப்பிடுவான்?’ ஒரு நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆறு வருடமும் கரண்டியை மட்டும் விடவில்லை. நாக்கில் பட்டால் முழுங்காமல் இருக்க முடியாது என்று ருசி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஆவியை மோந்து பார்த்தே உப்புப் போடுவார். மூக்கால் சமைக்கிற அண்ணாச்சி என்று பாளையங்கோட்டை முழுக்கப் பெயர்.

“எப்பேர்ப்பட்ட மூக்கு!” என்று வியந்தார் டாக்டர். “எங்க வீட்டுக்காரர் இந்தச் சொதிக்காகவே கல்யாணத் தேதியைத் தள்ளி வச்சாரு, நீங்க எந்திரிச்சு வரட்டும்னு.”

விஸ்வேஸ்வரனின் மனைவி கோமு குறுக்கே வந்தாள். “பந்தி முடியட்டும்மா, பைய சாப்பிடட்டும்.” கணவர் பக்கம் திரும்பினாள். “இந்தாங்க, இலை போட்டாச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.”

“நீங்க சும்மா இருங்க மதினி. முதல் வாய் அண்ணாச்சிக்குத்தான்.” டாக்டரே ஒரு கிண்ணத்தில் சொதியை ஊற்றி நீட்டினார்.

விஸ்வேஸ்வரன் கிண்ணத்தை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். முகம் மாறியது.

“வலிக்குதா?” பதறினார் டாக்டர்.

“வயித்துக்கு ஒண்ணுமில்ல.” விஸ்வேஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினார். “ஏட்டி, இதுல பாதி உப்புகூட இல்லையே! ஆறு வருஷமா இதையா ஊரே புகழ்ந்துச்சு?”

கோமு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க அங்கன திரும்புன பெறவுதான் எப்பவும் நான் ருசி பாத்து மிச்ச உப்பைப் போடுவேன். இன்னைக்கு டாக்டரம்மா முந்திட்டாங்க.”