எழுபதுக்கு அறுபத்தேழு

“நாலு நாளா இழுத்துக்கிட்டு இருக்கே, எப்பத்தான் முடியும்?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் சர்வேயர் போனில் போட்ட சத்தத்துக்கு, மருந்துத் தட்டோடு போன நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். உள்ளே படுத்திருக்கும் பொண்டாட்டியைப் பற்றித்தான் மனுஷன் இப்படிக் கேட்கிறார் என்று நினைத்திருப்பாள், பாவம். அவர் கேட்டது ஒரு வெள்ளிக் காசைப் பற்றி.

பழைய காசுகளுக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் சீல் வைத்துக் கொடுக்க இரண்டு கம்பெனிகள் உண்டு. பழைய கம்பெனி கறார். அது எழுபதுக்கு அறுபத்தாறு போட்ட காசு அந்த ரகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது சர்வேயருடையது. ரிட்டயரான பணத்தையெல்லாம் கொட்டி வாங்கி, மனைவி பேரையும் சேர்த்து எடுத்த பேங்க் லாக்கரில் பூட்டி வைத்திருந்தார். மூன்று மாதத்தில் ஏலம். முப்பது லட்சமாவது வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

நேரம் பார்த்துப் புதுக் கம்பெனி இன்னொரு காசுக்கு அறுபத்தேழு போட்டுத் தொலைத்தது. மார்க்கை அள்ளி விடுகிற கம்பெனி என்று எல்லோருக்கும் தெரியும். அதன் டப்பாவுக்குப் பாதி விலைகூடத் தேறாது. ஆனாலும் ஒன்று இரண்டாகிவிட்டதே! சர்வேயருடைய காசு ஒரே வாரத்தில் பத்து லட்சம் இறங்கிவிட்டது. அந்த இரண்டாவதை வாங்கி அமுக்கிவிட்டால் மறுபடி ஒன்றுதான். அதற்காக வீட்டையே அடமானம் வைத்திருந்தார்.

“பதினாலுக்குக் கீழ முடியாதாம் சார். அவங்களுக்கு ஏதோ ரொம்ப அவசரமாம்,” என்றார் தரகர்.

“அவசரமா? அப்ப நாம அவசரப்படக் கூடாது. பன்னெண்டுலயே நில்லுங்க, தானா இறங்கி வருவாங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மச்சான் நின்றிருந்தான். மனைவிக்கு ஒரே தம்பி, வேன் ஓட்டுகிறவன்.

“டாக்டர் இன்னைக்கும் கேட்டார் மாமா. வால்வு இனிமே தாங்காதாம். முழுப் பணமும் கட்டினாத்தான் ஆபரேஷனாம்.”

“ஏலம் முடியட்டும்டா, ஒரே தடவையா கட்டிடறேன். அதுவரைக்கும் மாத்திரையில ஓட்டலாம்ல?”

“உங்களை நம்பிப் பிரயோஜனமில்ல மாமா. நான் ஒரு இடத்துல ஏற்பாடு பண்ணியிருக்கேன். இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும்.”

எந்த இடம் என்று சர்வேயர் கேட்கவில்லை. கேட்டால் பாதியைத் தன் தலையில் கட்டிவிடுவானோ என்று பயம். மனைவி மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஏலம் முடிந்ததும் முதல் செலவு அவளுக்குத்தான் என்று மனசார நினைத்திருந்தார்.

அடுத்த ஆறு நாள் அவர் பிடித்த பிடியை விடவில்லை. பத்தாம் நாள் காலை, தரகர் கடையில் பதின்மூன்றே காலுக்கு முடிந்தது. முக்கால் லட்சம் லாபம்!

டப்பா கைக்கு வந்ததும் முதலில் மார்க்கைப் பார்த்தார். அறுபத்தேழு. திரும்பவும் மார்க்கைத்தான் பார்த்தார். அந்த வியாபாரத்தில் காசைப் பார்க்கிற வழக்கமே போய் வெகுநாள் ஆகிறது.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. ஆயா விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். சுவரோரம் தரையில் மச்சான் விசும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் இருந்த துணிப்பை வாய் திறந்து கிடக்க, உள்ளே நோட்டுக் கட்டுகள் தெரிந்தன.

“பணம் வந்துடுச்சு மாமா. கட்டறதுக்கு வரிசையில நிக்கும்போதே மேலேர்ந்து கூப்பிட்டுட்டாங்க.”

வீட்டை அடமானம் வைத்த பணத்தை நேரே இங்கே கொண்டுவந்து கட்டியிருக்கலாமே என்று சர்வேயருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதபடி மச்சானின் தோளைப் பிடிக்கக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து டப்பா நழுவித் தரையில் விழுந்தது.

மச்சான் அதை எடுத்தான். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அழுகை நின்றுவிட்டது.

“போன மாசம் அக்காதான் இதை லாக்கர்லேர்ந்து எடுத்துக் குடுத்துச்சு. பழைய டப்பாவோட வித்தா உங்க காதுக்கு வந்துடும்னு, உடைச்சுப் புதுக் கம்பெனிக்கு அனுப்பினோம்.”

மச்சான் மெதுவாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

“பத்து நாளா பேரம் பேசினது நீங்கதானா மாமா?”