பார்க்க ஆள் இருக்கா?

“பதினோரு பேருக்காக ஒரு அக்கவுண்டா? நடக்காதும்மா!” என்றார் தனசேகர்.

திருப்பதியில் அவரும் ஸ்ரீதேவியும் மற்றவர்கள் வீடியோ போட்டு வைக்க ஒரு சர்வர் நடத்துகிறார்கள். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. இவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஸ்ரீதேவி வீட்டு மாடியறையில் ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் எல்லாம். இடம் கொஞ்சம் என்பதால் விண்ணப்பம் போட்டால்தான் அக்கவுண்ட்.

விண்ணப்பத்தில் ‘எத்தனை பேர் பார்ப்பார்கள்?’ என்று ஒரு கேள்வி. எல்லாரும் கூசாமல் லட்சம், கோடி என்று அளந்துவிடுவார்கள். பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் மோகன்ராஜ் மட்டும், ‘பதினோரு பேர். எங்க ரூம் ஆளுங்க’ என்று எழுதியிருந்தான்.

“பொய் சொல்லல பாருங்கண்ணா, அதுக்கே குடுக்கலாம்” என்றாள் ஸ்ரீதேவி. “தமிழ்நாட்டுலருந்து புதுசா வர்றவங்களுக்குக் கடையில, பஸ்ஸுல பேசற தெலுங்க வீடியோவுல சொல்லித் தரப் போறாராம். பேச்சு புரியாம போன மாசம் ரெண்டு பேரு வேலைய உட்டுட்டு ஊருக்கே போயிட்டாங்களாம்.”

“நல்ல விஷயந்தான். ஆனா, ஆள் பாக்காத வீடியோவுக்கு இங்க இடமில்லன்னு முகப்புலயே போட்டு வெச்சிருக்கோமே! என் ஃபேன் ரிப்பேர் வீடியோவப் பாரு. நான் மூஞ்சியக் காட்டறதில்ல, வாயத் தொறக்கறதில்ல. கையும் ஸ்க்ரூடிரைவரும்தான். அப்பவும் ஜனம் தினம் வந்து பாத்துக்கினு இருக்குது!”

அந்தப் பார்வைக் கணக்கில் மனுஷனுக்கு அத்தனை பெருமை. காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்.

“சரிண்ணா. வேணாம்னு சொல்றவங்கதான் போன் பண்ணிச் சொல்லணும். அதுவும் நம்ம ரூல்தான்.” ஸ்ரீதேவி போனை நீட்டினாள்.

தனசேகர் ஸ்பீக்கரில் போட்டார்.

“வீடியோ சர்வர்லருந்து பேசறோம்பா. உனக்குப் பாக்கற ஆளு ரொம்பக் கம்மி. அக்கவுண்ட் குடுக்கறதுக்கு இல்ல.”

எதிர்முனையில் மோகன்ராஜ் வாதாடவில்லை.

“சரிங்க சார். ஆனா ஒரே ஒரு உதவி பண்ணணும்.”

“இன்னா?”

“அதுல தனசேகர்னு ஒருத்தர் ஃபேன் ரிப்பேர் வீடியோ போடறாரே, அவுரு அக்கவுண்ட மட்டும் எடுத்துடாதீங்க சார். அத்தப் பாத்துத்தான் எங்க ரூம் ஃபேன ஓட வெச்சோம். பாவம், எங்களத் தவிர வேற நாதியில்ல. பொங்கலுக்கு நாங்க ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா, பார்வைக் கணக்கு அப்படியே நிக்குது; நாலு நாளும் ஒருத்தரும் பாக்கல! உங்க ரூலப் படிச்சதுலருந்து, அவுர எடுத்துடப் போறாங்களேன்னு ரூம்ல எல்லாரும் தினம் ஒருவாட்டி அந்த வீடியோவ ஓட உட்டுட்டுத்தான் டியூட்டிக்குப் போறோம் சார்!”

ஸ்ரீதேவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

தனசேகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தம்பி... உன் மொத வீடியோ ரெடியா இருக்குதா?”