அர்ஜுனனின் பாடு

நியாயம் அறிந்தவர்களே, அந்தப் பூவரச நிழலுக்கு நீங்களும் வாருங்கள். ஒரு மண்பானைக்குள் ஒரு பெண்ணின் பெயர் விழக் கூடாதென்று ஓர் ஊரே கூடித் தடுத்தது. அதற்கு நீங்கள் சாட்சியாக நில்லுங்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் அன்று பாடு பிரிக்கும் நாள்.

ஏரியில் மீன் படும் இடங்கள் குறைவு, வலைகள் அதிகம். ஆகவே இன்ன நாளில் இன்ன வீட்டு வலை என்று பானையில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைதான் பாடு. பாடு இல்லாத வீட்டு வலை, கொடியில் காயும் வெறும் நூல்.

புயல், குப்பனையும் அவர் மகன் வரதனையும் ஒரே நாளில் கொண்டுபோயிற்று. அந்த வீட்டுப் பாடு தன் பெயருக்கு வேண்டும் என்று குப்பனின் மகள் லோகநாயகி கூட்டத்தில் நின்றாள். ஆள் வைத்து வலை போட்டால் அம்மா வேலம்மாவும் வரதனின் மனைவியும் பிழைத்துக்கொள்வார்கள். இல்லையேல் அவள் சென்னை ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஆராய்ச்சியை உதறிவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போக வேண்டும்.

தலைவர் பொன்னுரங்கம் அவளுக்குப் பெரியப்பா முறை. முதலில் அவளைப் புகழ்ந்தார். அக்கரையில் ராக்கெட் கிளம்பினால் நம்மை ஏரியில் இறங்க விடுவதில்லை. ஆனால் மேலே போய் வேலை செய்கிற எந்திரத்தை நம் ஊர்ப் பெண் ஆராய்கிறாள் என்றார். அது என்னவென்று கூட்டத்துக்கு விளக்கவும் சொன்னார்.

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்.

விண்கலத்தைத் தள்ளும் மின் உந்துபொறி அது. உள்ளே வரும் வாயுவை மின்சாரம் உடைத்துப் பிளாஸ்மாவாக்கி வெளியே வீசும். அந்த வீச்சில் கலம் நகரும். ஆனால் புது வாயு வந்து சேருமுன் உள்ளே இருப்பதைப் பிளாஸ்மா தின்று தீர்த்தால் பட்டினியில் மங்கும். வாயு சேர்ந்ததும் வெறிகொண்டு எரியும். மறுபடி மங்கும். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடக்கும் இந்த ஆட்டம் முற்றினால் பொறியே அணைந்துபோகும். அதை அடக்குவதுதான் அவள் ஆய்வு.

பொன்னுரங்கம் தொடையைத் தட்டினார். எல்லா வலையும் ஒரே நாளில் விழுந்தால் மறுநாள் ஏரி காலி, மீன் சேரும்வரை ஊரே பட்டினி, அதற்காகத்தானே பாடு வைத்தோம் என்றார்.

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் லோகநாயகிக்கு எரிச்சலாக இருந்தது. பிளாஸ்மாவின் பசி புரிந்த மனிதருக்குத் தம்பி வீட்டுப் பசி ஏன் புரியவில்லை?

நைனா குப்பனின் முறையைத் தன் பெயரில் போடச் சொன்னாள்.

"இன்னாம்மா லோகு, ஆகாசத்துக்கே எந்திரம் வுடுற, ஏரியும் வேணுமா ஒனக்கு? பொம்பளைக்கு ஏது பாடு? அதான் அர்ஜுனன் இருக்கான் இல்ல" என்றார் பொன்னுரங்கம்.

கூட்டம் சிரித்தது. அர்ஜுனன் என்றதும் தலைகள் தாமாக ஆடின. குப்பன் வீட்டு வாரிசு, தாத்தாவைப் போலவே ஏரியை ஆள்வான் என்றார்கள். அவன் வலை பிடிக்கும் வயது வரும்வரை அந்த இடத்தில் பொன்னுரங்கத்தின் மகன்கள் வலை போடுவார்களாம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பதில். பணிந்து கேட்டாள், பகுத்துச் சொன்னாள், சண்டையும் போட்டாள். சுவரில் எறிந்த பந்தாக அர்ஜுனன் திரும்பி வந்தான்.

அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

அர்ஜுனனின் சீட்டைப் போடப் பொன்னுரங்கம் கையை நீட்டினார். லோகநாயகி பானையின் வாயைப் பொத்தினாள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வரதனின் மனைவி எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு நேரமாயிற்று. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் வயிற்றைத் தாங்கியபடி எழுந்தாள்.

"உள்ள இருக்கிறது பொண்ணா இருந்தா இன்னா பண்ணுவ மாமா?"

யாரும் சிரிக்கவில்லை. பொன்னுரங்கம் பானையைத் தம் பக்கம் இழுத்தார். லோகநாயகி விடவில்லை.

அர்ஜுனன் பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தப் பெண் கேட்டதை நீங்களும் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.