படம் நிற்காத பெட்டி

“இன்னைக்கும் படம் நடுவுல நின்னுதுன்னா, இருபத்திரண்டு ரூம் கான்ட்ராக்ட்டும் வேற ஆளுக்குப் போயிடும் மெரில். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

பெர்த் தலைமை அலுவலகத்தின் ஒன்பதாவது மாடி. இரும்புத்தாதுக் கம்பெனியின் உற்பத்தித் தலைவர் ரஸ்ஸல், ஒப்பந்தத் தாள்களைத் தன் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசினார். கூட்ட அறைகளுக்கு மைக், கேமரா, திரை மாட்டித் தருவது மெரிலின் தொழில். வீடியோ கூட்டத்தில் படம் நிற்காமல் இருக்க, சோதனைக்காக இந்த அறையில் ஒரு புது சுவிட்ச் பெட்டி வைத்திருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால், அவளிடம் இருக்கும் மூன்று பேரில் இரண்டு பேரை வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

“நிக்காது ரஸ்ஸல்.”

“பழசும் நெட்வொர்க் சுவிட்ச்தான், இதுவும் சுவிட்ச்தான். அது எண்பது டாலர். இது மூவாயிரமா? தங்கத்துல வார்த்தீங்களா?”

“அது வாசல்ல ஆள் இல்லாத சந்தை. பிரிண்டர், போன், கம்ப்யூட்டர்னு எல்லாம் முண்டியடிச்சு உள்ள போகும். குரலும் படமும் நசுங்கிடும். இது ஆள் பார்த்து உள்ள விடும். குரல் முதல்ல, படம் அடுத்து. பிரிண்டர் காத்துக்கிடக்கட்டும்.”

“பெட்டிக்குள்ள ஒரு மேனேஜர் உக்காந்திருக்கான்னு சொல்லு.”

“ஆமா. ஆனா இவன் வேலை பார்ப்பான்.”

ரஸ்ஸல் சிரிக்கவில்லை. “இருபது ரூமுக்கு விலை போடு. ரெண்டு சும்மா.”

“இங்க சும்மா கிடைக்கிறது உங்க காபிதான். அதைக் குடிச்சப்புறம் சும்மா எதையும் வாங்கக் கூடாதுன்னு இருக்கேன்.”

மணி பத்து. திரை விழித்துக்கொண்டது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பில்பரா சுரங்கத்து அலுவலகத்தில் மேலாளர் கோல்பியும் அவருடைய ஆட்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். புருவத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்கூட எண்ணலாம், படம் அவ்வளவு சுத்தம். மூன்று வருடமாக இதே கூட்டம், இதே அறை. பாதியில் படம் நின்றுவிடும். எத்தனையோ இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

“கோல்பி, என்னப்பா, நல்லா கேக்குதா?”

“பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு ரஸ்ஸல்.” அந்தக் குரலில் சந்தோஷம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

“நல்லது. இந்த மாசம் நாப்பதாயிரம் டன் ஏன் குறைஞ்சுது? அதை மட்டும் சொல்லு.”

கோல்பி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். கோப்பை அப்படியே நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. பின்னால் இருந்தவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்த கையோடு உறைந்துவிட்டார்.

“பாத்தியா!” ரஸ்ஸல் மேசையைத் தட்டினார். “மூவாயிரம் டாலர்! மூணு நிமிஷம்கூடத் தாங்கல!”

மெரில் மடிக்கணினியில் சுவிட்சின் நிலவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எல்லாம் பச்சை. அனுப்பியது அனுப்பியபடி வந்து சேர்ந்துகொண்டிருந்தது, ஒரு துளி சிந்தவில்லை. திரையை மறுபடி பார்த்தாள்.

கோல்பியின் கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, உதட்டோரம் நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது.

பாவம், அந்த மனுஷனும் பிழைக்க வேண்டும். ஆனால் அவளுடைய ஆட்கள் இரண்டு பேரும் பிழைக்க வேண்டுமே.

“படம் நிக்கல ரஸ்ஸல். ஈயைப் பாருங்க.”

ரஸ்ஸல் எழுந்து திரையருகே போனார். கோல்பியின் கண்ணில் நீர் கட்டியது. ஈ மூக்குத் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தது. பில்பராவே அதிரும்படி ஒரு தும்மல்.

“மூணு வருஷமா!” என்று கத்தினார் ரஸ்ஸல். “கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்த இன்ஜினியர் எல்லாம் முட்டாளா? நாலு பேரும் சிலை மாதிரி உக்காந்து என்னையே ஏமாத்தியிருக்கீங்க! யார் சொல்லிக் குடுத்தது இதை?”

கோல்பி முகத்தைத் துடைத்தார். “அதை மட்டும் கேக்காதீங்க ரஸ்ஸல்.”

“மத்தியானத்துக்குள்ள பதில் எழுத்துல வரணும்!”

இணைப்பைத் துண்டித்துவிட்டு ரஸ்ஸல் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். “பரவால்ல மெரில், உன் பெட்டி உண்மையான பெட்டிதான்.” மெரில் மூச்சு விட்டாள்.

பேனா தாளைத் தொடுவதற்குள் திரை மறுபடி ஒளிர்ந்தது. மெல்போர்னிலிருந்து நிர்வாக இயக்குநர் ஹில்டா.

“ரஸ்ஸல், புது ஏற்பாடா? பிரமாதமா தெரியறீங்க. சரி, அந்த நாப்பதாயிரம் டன் எங்க போச்சு?”

மெரில் திரும்பிப் பார்த்தாள்.

பேனா அந்தரத்தில் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. ரஸ்ஸலின் கண் இமைக்கவில்லை.

“ஐயோ, பெர்த் மறுபடி நின்னு போச்சு,” என்று ஹில்டா யாரிடமோ அலுத்துக்கொண்டார்.

மேசைக்கு அடியில் ரஸ்ஸலின் இடது கை ஓசையில்லாமல் ஒரு பொத்தானை அழுத்தி மைக்கை நிறுத்தியது. அசையாத உதடுகளுக்கு நடுவே, பல்லிடுக்கிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“இருபத்திரண்டு ரூமும் உனக்குத்தான். நாம வேணுங்கிறப்ப படத்தை நிறுத்துற மாதிரி அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைக்க முடியுமா?”

கேமராவில் தானும் தெரிவது மெரிலுக்கு நினைவுக்கு வந்தது. கண்ணைச் சிமிட்டாமல், உதட்டை அசைக்காமல் சொன்னாள்:

“முடியும். அதுக்குத் தனி விலை.”